முதுகு காட்டி நிற்கும் சிறுவன்

அஜ்மானில் நாம் வேலை செய்யும் உணவகத்தில் ரொட்டி அடுப்படியில் நிற்பவர் ஒரு பலஸ்தீனர். லெபனான் முகாமொன்றில் பிறந்தவர். அவருடைய திறப்புக் கோர்வையில் ஒரு சிறுவன் தொங்குகிறான். வெறுங்கால், ஒட்டுப்போட்ட உடுப்பு, முள்ளாய் நிற்கும் தலைமயிர், பின்னால் கோர்த்த கைகள். முகம் இல்லை. "இவன் ஏன் அண்ணை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கிறான்?" என்று பாத்திரம் கழுவும் தம்பி ஒருநாள் கேட்டான். அன்று எம்மிடம் ஒழுங்கான பதில் இருக்கவில்லை. தேடிப் படித்ததன் விளைவே இக்குறிப்பு.

சிறுவனின் பெயர் ஹன்தலா. அவனை வரைந்தவர் நாஜி அல்-அலி. கலிலேயாவின் அல்-ஷஜரா என்ற கிராமத்தில் பிறந்தவர். 1948இல் குடும்பத்தோடு துரத்தப்பட்டு, தென் லெபனானின் அய்ன் அல்-ஹில்வே முகாமுக்கு வந்தபோது அவருக்குப் பத்து வயதளவில் இருக்கும். பிறந்த ஊரின் பெயருக்கு மரம் என்றும், முகாமின் பெயருக்கு இனிய ஊற்று என்றும் பொருள். அவர் பெற்ற கற்பனைப் பிள்ளைக்கோ ஹன்ழல் என்ற கசப்புக் கொடியின் பெயர். நம்மூரில் பேய்க்கொம்மட்டி என்பார்களே, அதுதான். அஜ்மானை விட்டு உள்ளே மணற்பக்கம் போனால் இன்றும் காணலாம். மழை கண்டறியாத மணலில் பச்சையாய்ப் படர்ந்து, உருண்டை உருண்டையாய்க் காய்த்துக் கிடக்கும். ஆடும் எளிதில் வாய் வைக்காது.

நாஜி மோட்டார் திருத்தும் தொழில் படித்தவர். ஓவியப் படிப்புக்கு பெய்ரூத்தில் சேர்ந்தும், அரசியல் காரணமாகச் சிறை சென்று வந்ததில் அது முடியாமற் போயிற்று. சிறைச் சுவரிலும் வரைந்தார். முகாமில் அவர் கீறியவற்றைக் கண்டு 1961இல் முதன்முதலாக அச்சில் கொண்டுவந்தவர் எழுத்தாளர் கஸ்ஸான் கனஃபானி. குவைத்துக்குப் பிழைக்கப் போகும் மூன்று பலஸ்தீனர் தண்ணீர் பவுசருக்குள் வெந்து சாகும் கதையை எழுதிய அதே கனஃபானி. 1972இல் பெய்ரூத்தில் கார்க்குண்டில் கொல்லப்பட்டார்.

1963இல் நாஜியும் குவைத்துக்கே வந்தார். ஹன்தலா 1969இல் அங்கே 'அல்-சியாசா' பத்திரிகையில் பிறந்தான். வளைகுடாவின் வசதி தன்னை மழுங்கடித்துவிடக்கூடாது என்பதற்காகவே, தன் மனச்சாட்சிக்குக் காவலாக அவனைப் படைத்ததாக நாஜி சொல்லியிருக்கிறார். வளைகுடாவில் உழைக்கும் எமக்கு இந்த இடம் மிக முக்கியமானது. ஐக்கிய அரபு இராச்சியம் 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் ஒப்பமிட்ட நாடல்ல. ஆகவே இங்கே நாம் அகதிகள் அல்லர். விசாத்தாளில் எழுதியிருக்கும் தொழில்தான் நாம். மாதக்கடைசியில் ஊருக்குக் காசு போய்ச் சேர்ந்தால் மறதியும் மெல்ல மெல்ல வந்து சேர்கிறது. நாஜி பயந்தது இந்த மறதிக்குத்தான்.

ஹன்தலாவுக்கு எப்போதும் பத்து வயது. ஊருக்குத் திரும்பும் நாளில்தான் வளரத் தொடங்குவான் என்பது படைத்தவர் விதித்த விதி. தொடக்கத்தில் அவனுக்கு முகம் இருந்தது. 1973க்குப் பிறகே முதுகைத் திருப்பி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். வெளியார் நீட்டும் தீர்வுகளை வாங்க மறுக்கும் கைகள் அவை. சில படங்களில் கல்லெடுத்து எறியவும் செய்கிறான். ஆனால் பெரும்பாலும் பார்த்துக்கொண்டே நிற்கிறான். இதிலேயே நாஜியின் கலைவலிமை இருப்பதாக நாம் கருதுகிறோம். படத்தைப் பார்க்கும் நாமும் அவனுக்குப் பின்னால் நின்று அவன் பார்ப்பதையே பார்க்க வேண்டியிருக்கிறது. சிரித்துவிட்டுப் பக்கம் புரட்ட முடியவில்லை.

அவன் பார்ப்பது எதிரியை மட்டுமல்ல. கால்களே இல்லாத, கொழுத்த தலைவர்களையும் பார்க்கிறான். அரபு ஆட்சியாளர், எண்ணெய்ப் பணக்காரர், பலஸ்தீனத் தலைமை என்று எவரையும் நாஜி விட்டுவைக்கவில்லை. 1974இல் பெய்ரூத்தின் 'அல்-சஃபீர்' பத்திரிகைக்குப் போனார். 1982 படையெடுப்பைக் கண்ணால் கண்டார். 1983இல் மறுபடி குவைத், 'அல்-கபஸ்'. 1985இல் அங்கிருந்தும் வெளியேற்றப்பட்டு லண்டன் சேர்ந்தார். 1987 ஜூலை 22ஆம் நாள் அலுவலகத்துக்கு நடந்து போகையில் சுடப்பட்டார். ஆகஸ்ட் 29இல் இறந்தார். முகாமில் புதைக்கப்பட விரும்பியவர் இங்கிலாந்து மண்ணில் கிடக்கிறார். இஸ்ரேலியர் என்றனர் சிலர். சொந்த இயக்கத்தார் என்றனர் சிலர். 2017இல் லண்டன் பொலிசார் மறுபடியும் தகவல் கேட்டார்கள். சுட்டவன் அகப்படவில்லை.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். அவருடைய ஃபாத்திமா எப்போதும் தாய், எப்போதும் மண், எப்போதும் உறுதி. ஒரு பெண்ணாகக் களைத்துப்போய் உட்கார அவளுக்கு இடம் கிடைப்பது அரிது. கொழுத்தவன் கெட்டவன், மெலிந்தவன் நல்லவன் என்ற கணக்கும் சிலவேளை மிக இலகுவானது. இன்னொன்று எம்மைச் சுட்டது. இத்தனை வருடம் வளைகுடாவில் இருந்து வரைந்தவரின் படங்களில், நாம் பார்த்த அளவில், அந்த நகரங்களைக் கட்டிய ஆசியக் கூலியாள் இல்லை. ஒடுக்கப்பட்டவனின் கண்ணுக்கும் பக்கத்தில் நிற்பவன் தெரியாமற் போகலாம்.

எமக்கும் கேலிச்சித்திர மரபு இல்லாமலில்லை. 'சிரித்திரன்' சுந்தரின் சவாரித்தம்பரை மறந்துவிட்ட யாழ்ப்பாணத்தார் உண்டா? சுந்தர் 1996இல் போய்ச் சேர்ந்தார். சிங்களத்தில் வரைந்தும் எழுதியும் வந்த பிரகீத் எக்னெலிகொட 2010 ஜனவரி 24இல் காணாமலாக்கப்பட்டார். அவருடைய மனைவி நீதிமன்றப் படிகளில் ஏறிய வருடங்களை எல்லோரும் அறிவோம். சிங்களவர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்லும்போது எமக்குக் குரல் உயர்கிறது. எம்மவர் கையால் எம்மவருக்கு நேர்ந்தவற்றைச் சொல்லும்போதோ குரல் தாழ்கிறது. கண் சுற்றுமுற்றும் பார்க்கிறது.

இதை எழுதும் நாமும் அதற்கு விலக்கல்ல. பல்கலைக்கழகத்தில் கையெழுத்துச் சஞ்சிகை ஒன்றுக்கு நாம் ஒரு படம் கீறினோம். ஆமிக்காரன் ஒருபக்கம் நிற்க, மறுபக்கம் எம்முடைய பெரியவர்கள், நடுவில் பங்கர் வெட்டும் கிழவி. மூத்தவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, கை நல்லாயிருக்கு, கவனமாய் வைச்சிரும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அன்றிரவே பெரியவர்களை அழித்துவிட்டு ஆமிக்காரனை மட்டும் மிச்சம் விட்டோம். படம் வெளிவந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். அதன்பிறகு நாம் கீறவில்லை. படிப்பு நின்றதற்கு வேறு காரணங்கள் உண்டு. கீறுவது நின்றதற்குக் காரணம் இது ஒன்றுதான்.

நாஜி அப்படி அழிக்கவில்லை. மிரட்டல்கள் வந்தபின்னும் அழிக்கவில்லை. அவரை நாம் மதிப்பது துணிச்சலுக்காக மட்டுமல்ல. சொந்தச் சனத்தை நேசிப்பதும் சொந்தத் தலைமையைக் கேலி செய்வதும் ஒரே கையால் செய்யக்கூடிய வேலை என்று காட்டியதற்காக.

கேள்வி கேட்ட தம்பிக்கு இதையெல்லாம் குப்பூஸ் சுற்றும் தாளின் பின்பக்கத்தில் ஹன்தலாவைக் கீறிக் காட்டிச் சொன்னோம். கனகாலத்துக்குப் பிறகு கீறியது. முள்மயிர் சரியாக வரவில்லை. அவன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்ப இவன் பார்க்கிற இடத்தில எங்கட ஆக்களைக் கீறினால் என்ன அண்ணை?" என்றான். தாளில் அந்த இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.