மரத்தின் ஓலமும் மனையின் ஓலமும்

தாயைக் கோயில் என்று பாடிப் பழகியவர்கள் நாம். கோயிலுக்குள் அடைபட்டுக் கிடப்பவளின் மூச்சு முட்டுகிறதா என்று கேட்கப் பழகாதவர்கள். ஆங்கிலப் புதினமொன்றைப் பற்றி எழுதப் புகும்போது இந்தப் பேச்சு எதற்கு என்பீர்கள். காரணம் உண்டு. 1913-ஆம் ஆண்டு வெளிவந்த டி. எச். லாரன்சின் 'சன்ஸ் அண்ட் லவர்ஸ்' என்னும் நூலை, 'மைந்தரும் காதலரும்' என்று நம் மொழியில் சொல்லிக்கொள்ளலாம். தாயன்பின் மாண்பைப் பாடும் காவியம் என்றே அதைப் படித்தவர் பலர். நமக்கு அது அப்படிப் படவில்லை. பெற்றோரின் பூசல், பிள்ளைகளின் உள்ளத்தில் எந்த எந்த மூலையில், எந்த எந்த வடிவில் குடியேறுகிறது என்பதை அணு அணுவாகக் காட்டும் சாட்சியம் அது. சாட்சி சொன்னவரே முழு உண்மையையும் சொல்லவில்லை என்பதும் நம் வழக்கு.

கதையின் களம் இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயர். நிலக்கரிச் சுரங்கம் சூழ்ந்த சிற்றூர். அங்கே, விறைத்த ஒழுக்கமும் புத்தகப் பழக்கமும் உள்ள குடும்பத்திற் பிறந்த கெர்ட்ரூட், ஆடலும் பாடலும் சிரிப்புமாய் வரும் சுரங்கத் தொழிலாளி வால்ட்டர் மோரலைக் கண்டு மயங்குகிறாள்; மணக்கிறாள். மயக்கம் தெளிய ஓராண்டுகூட ஆகவில்லை. சொந்த வீடு என்று அவன் சொன்னது வாடகை வீடு. கொடுத்தாயிற்று என்று சொன்ன மரச்சாமான் விலை கொடுபடவே இல்லை. குடிப்பதில்லை என்ற உறுதியோ, வந்த வழியே போயிற்று. அன்று பிறக்கிறது கசப்பு. பிள்ளைகள் பிறப்பது அந்தக் கசப்புக்குள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தாய் மாடியிலிருந்து இறங்கி வருகிறாள். அவள் ஆசை ஆசையாய் வளர்த்த தலைப்பிள்ளையின் சுருட்டை முடி, தரையில் விரித்த தாளின் மீது கொத்துக் கொத்தாய்க் கிடக்கிறது. தந்தை கத்தரித்துவிட்டான்! ஆண் பிள்ளையைப் பெண் பிள்ளைபோல் வைத்திருப்பதா என்பது அவன் வாதம். முடிதானே, வளர்ந்துவிடும் என்று நாம் சொல்லலாம். அவளால் சொல்ல முடியவில்லை. கணவன் மேல் எஞ்சியிருந்த அன்பு அன்றோடு அறுந்தது என்கிறார் ஆசிரியர். பிள்ளையின் தலையே பெற்றோரின் போர்க்களமாயிற்று! இன்னொரு நாள், கருவுற்றிருந்த மனைவியை நள்ளிரவில் வெளியே தள்ளிக் கதவைத் தாழிடுகிறான் மோரல். வேறொரு நாள், அவன் வீசிய மேசை இழுப்பறை அவள் நெற்றியைக் கிழிக்கிறது. மடியிலிருந்த கைக்குழந்தையின் முடியில் சொட்டுகிறது தாயின் குருதி. அந்தக் குழந்தைதான் பவுல், கதையின் நாயகன்.

இவை கொடுமைகள், கண்டவுடன் எவரும் கண்ணீர் விடுவர். ஆனால் நூலின் உயிர் இவற்றில் இல்லை. அது வேறோர் இடத்தில் இருக்கிறது.

குன்றின் மேல் ஒரு வீடு. வீட்டெதிரே பெரியதொரு மரம். காற்றடிக்கும் இரவுகளில் அந்த மரம் ஓலமிடும். மாடியறையில் படுத்திருக்கும் பிள்ளைகளுக்கு உறக்கம் வராது. கீழே தந்தையின் குரல் இடிபோல் எழும். தாயின் குரல் கூர்மையாய் மறுமொழி தரும். மேசையை ஓங்கிக் குத்தும் ஒலி. பின்னர்க் காற்றின் கூச்சலில் யாவும் மூழ்கும். அடுத்து வரும் அமைதிதான் கொடிது! என்ன ஆயிற்று? அடித்துவிட்டானா? அம்மா விழுந்துவிட்டாளா? இருட்டில் மூச்சடக்கிக் காத்திருக்கின்றன பிஞ்சு உள்ளங்கள். கடைசியில் ஓர் ஒலி: மறுநாட் காலைக்காகத் தாய் குழாயைத் திறந்து கெண்டியில் நீர் நிரப்பும் ஒலி. அது கேட்டால் போதும். அன்றைய போர் ஓய்ந்தது என்று பொருள். பிள்ளைகள் உறங்கிப் போவார்கள்.

இந்தக் கெண்டி நீரின் ஒலியை எழுதியவனை நாம் வணங்கத்தான் வேண்டும். உளநூலார் அளந்தறியப் பல ஆண்டுகள் பிடித்ததை ஒரு பத்தியில் சொல்லிவிட்டான். மார்க் கம்மிங்ஸ் என்னும் அமெரிக்க உளவியலாரும் அவரைச் சார்ந்தோரும் 1980-களிலிருந்து இதையே ஆராய்ந்தனர். பெரியவர்களின் சினத்தைக் கண்டு மிகச் சிறு குழந்தைகளும் கலங்குகின்றன. சண்டை நடந்தது என்பதைவிட, அது எப்படி முடிந்தது என்பதே பிள்ளையை மிகுதியும் தாக்குகிறது. இணக்கத்தில் முடிந்த பூசலைக் கண்ட குழந்தையின் கலக்கம் வெகுவாய்க் குறைகிறது என்று அவர்கள் கண்டனர். 1994-இல் டேவிசும் கம்மிங்சும் இதற்கொரு விளக்கமும் தந்தனர்: குழந்தை கேட்பது, யார் பக்கம் நியாயம் என்பதையன்று, என் காலடி நிலம் நிற்குமா, சரியுமா என்பதையே. மோரல் வீட்டில் பூசல் முடிவதில்லை, ஓய்கிறது, அவ்வளவே. கெண்டி நிரம்புவது இணக்கத்தின் ஒலியன்று, களைப்பின் ஒலி. ஆகவே மறுநாளும் பிள்ளைகள் விழித்திருக்க வேண்டியதாயிற்று.

விழித்திருந்த பிள்ளை என்ன ஆனான்? சிறுவன் பவுல் கடவுளிடம் வேண்டுகிறான்: தந்தை குடியை விட வேண்டும் என்று. அடுத்து, தந்தை சாக வேண்டும் என்று. அவன் வேலை முடிந்து திரும்பத் தாழ்ந்த அன்றோ, சுரங்கத்தில் செத்துவிடக் கூடாது என்று! மூன்று வேண்டுதலும் ஒரே வாயிலிருந்து. வெறுப்பும் அச்சமும் பாசமும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு கிடக்கும் நெஞ்சம் அது. போட்டியொன்றில் பரிசு பெற்ற செய்தியை அப்பாவிடம் சொல் என்கிறாள் தாய். சொல்வதைவிடப் பரிசையே இழக்கலாம் என்றிருக்கிறது பையனுக்கு. சொல்கிறான். தந்தைக்கோ என்ன பேசுவது என்று தெரியவில்லை. இரண்டு வரிப் பேச்சு, பிறகு ஊமை. சுரங்கத்தில் கால் நசுங்கித் தந்தை மருத்துவமனையிற் கிடந்தபோது, இனி வீட்டின் ஆண்மகன் நான்தான் என்று மகிழ்ந்து சொல்கிறான் சிறுவன். பிள்ளை கணவனாகிவிட்டான்! கணவனிடம் கிடைக்காததை மகனிடம் தேடினாள் தாய். முதலில் மூத்தவன் வில்லியம். அவன் லண்டனில் இளமையிலேயே மாண்டபின், நோயிற் கிடந்த பவுலைப் பற்றிக்கொண்டாள். எனக்குக் கணவன் என்று ஒருவன் வாய்க்கவே இல்லை என்று வளர்ந்த மகனிடம் வாய்விட்டுச் சொல்கிறாள். அதன் பிறகு அவன் எந்தப் பெண்ணை முழு மனத்தோடு நேசிக்க முடியும்? மிரியத்தையும் கைவிடுகிறான், கிளாராவையும் கைவிடுகிறான். குற்றம் அப்பெண்களுடையதா?

இவ்வளவையும் எழுதிய ஆசிரியர், தீர்ப்பை எங்கே எழுதுகிறார் என்று பாருங்கள். குடிகாரத் தந்தை ஒரு பக்கம். இறுகப் பற்றும் தாய் மறு பக்கம். கூண்டில் நிற்பவர் இவ்விருவர் மட்டுமே. மூன்றாவது குற்றவாளி ஒருவன் உண்டு. அவனை அழைக்கவே இல்லை. சட்டமும் கூலியும் என்பது அவன் பெயர். 1857-ஆம் ஆண்டின் மணவிலக்குச் சட்டப்படி, மனைவி பிறனோடு கூடினாள் என்று காட்டினாலே கணவனுக்கு விடுதலை கிடைத்தது. மனைவிக்கோ அது போதாது. கணவனின் கூடாவொழுக்கத்தோடு கொடுமையோ, கைவிட்டுச் சென்றதோ போன்ற வேறொன்றையும் அவள் மெய்ப்பிக்க வேண்டும். இந்த இரட்டை அளவுகோல் ஒழிந்தது 1923-இல். நூல் வெளிவந்து பத்தாண்டு கழித்து. அடித்த கணவன் தண்டிக்கப்பட்டால் மனைவி பிரிந்து வாழ ஆணையிடலாம் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டம் கீழ் நீதிமன்றங்களுக்கு உரிமை தந்ததை நாம் மறுக்கவில்லை. ஆனால் சுரங்க ஊரில், கையில் காசின்றி, இடுப்பில் குழந்தையோடு, அந்தப் பெண் எந்த வாசலில் போய் நிற்பாள்? கூடு திறந்திருந்தால் போதுமா, சிறகு வேண்டாவா? போக வழியில்லாதவள் மகனுக்குள் போய் ஒளிந்தாள். அவளது பற்று நோய் என்றால், அந்த நோய்க்குத் தாய்மை என்று பெயர் சூட்டுவது பெரும் பிழை.

இதே பிழையை அறிவியலாரும் செய்தனர். 1944-இல் ஜான் பவுல்பி, லண்டனில் குழந்தை நல ஆலோசனை நிலையத்துக்கு வந்த 44 இளந்திருடர்களைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அவர்களுள் எவரிடமும் அன்பு கொள்ளாதவர் 14 பேர்; அந்தப் பதினால்வரில் 12 பேர் இளமையில் தாயையோ, தாய்போல் வளர்த்தவரையோ நெடுநாள் பிரிந்திருந்தவர். 1951-இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக அவர் எழுதிய அறிக்கை உலகெங்கும் பரவிற்று. மருத்துவமனையில் தனியே அழுத குழந்தைகளின் அருகே தாயை அனுமதிக்க வழி செய்தவற்றுள் அவ்வாய்வும் ஒன்று. அந்த நன்மையை நாம் மறக்கமாட்டோம். எனினும் அதையே சாட்டையாக்கி, வேலைக்குப் போகும் பெண்ணே, பிள்ளை கெட்டால் நீயே பொறுப்பு என்று வீசியவர்களும் உண்டு. 1972-இல் மைக்கேல் ரட்டர் தம் நூலில் அந்தச் சாட்டையைப் பறித்தார். நோயாலும் பிற காரணங்களாலும் பிரிந்த பிள்ளைகள் அவ்வளவாகக் கெடவில்லை. பெற்றோர் பூசலாற் பிரிந்த வீட்டுப் பிள்ளைகளே முரண்டு பிடித்தனர். தந்தையோ தாயோ இறந்த வீட்டைவிடப் பிணங்கிப் பிரிந்த வீடே தீய நடத்தையோடு மிகுதியும் தொடர்புற்றிருந்தது. கெடுப்பது பிரிவு என்பதைவிடப் பிரிவுக்கு முன்னும் பின்னும் நின்ற பகை என்பதே அவர் காட்டிய உண்மை.

பிள்ளைகளுக்காகச் சேர்ந்து வாழுங்கள் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்களே, அதை இந்த ஒளியிற் பார்க்க வேண்டும். 1995-இல் அமாட்டோவும் துணைவரும் அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு இரு பக்கமும் வெட்டுவது: கடும் பூசல் நிறைந்த மணம் முறிந்தபோது பிள்ளைகள் பின்னாளில் நலமாய் இருந்தனர், பூசல் குறைந்த மணம் முறிந்தபோதோ நலிந்தனர். ஆகவே, எல்லா மணத்தையும் கட்டிக் காப்பேன் என்பதும் அறிவன்று. எல்லா மணத்தையும் முறிப்பேன் என்பதும் அறிவன்று. மாடியறையில் விழித்துக் கிடக்கும் பிள்ளையிடம் யாரேனும் கேட்டார்களா?

இனி, மோரலைப் பற்றி ஒரு சொல். நூலைப் படிப்போர் விரைந்து கடந்துவிடும் ஒரு பகுதி உண்டு. பாறை வெடிக்கும் திரி செய்வதற்காகக் கோதுமை வைக்கோல் தாள்களை நறுக்கி, அவற்றில் வெடிமருந்தை நிரப்புகிறான் மோரல். அந்த நேரத்தில் மட்டும் பிள்ளைகள் அவனைச் சுற்றி உட்காருகிறார்கள். சுரங்கத்துக் குதிரையின் குறும்புகளைக் கதை கதையாய்ச் சொல்கிறான். சிரிப்பொலி கேட்கிறது. காலணி தைத்துக்கொண்டிருக்கும்போதும் அப்படியே. வேலையில் அவன் மனிதன். மேசையில் அவன் அன்னியன். அவன் உள்ளே வந்ததும் பேச்சை நிறுத்திப் பழகியிருந்தது அந்தக் குடும்பம். அவனைக் குடிக்கு விரட்டியதில் அந்த மௌனத்துக்கும் பங்குண்டு என்று சொன்னால், அடித்த கைக்கு நாம் வக்காலத்து வாங்குவதாகாது.

மகனாய் நின்று எழுதியபோது லாரன்சு இதைத் தீர்ப்பிற் சேர்க்கவில்லை. கலைஞனாய்ச் சித்திரத்தில் மட்டும் சேர்த்தார். அவர் தாயார் 1910-இல் இறந்தார். நூல் எழுந்தது அந்தத் துயரத்தின் சூட்டில். பதிப்புக்குத் துணை நின்ற எட்வர்டு கார்னெட் கையெழுத்துப் படியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை வெட்டினார். வெட்டுண்டவற்றிற் பல மூத்தவன் வில்லியத்தைப் பற்றியவை. 1992-இல் கேம்பிரிட்ஜ் பதிப்பு அவற்றை மீட்டுத் தந்துள்ளது. படிப்போர் அதையே தேடிப் படிப்பது நன்று. ஒரே வீட்டின் தீ இரு மகன்களையும் எப்படி வெவ்வேறு விதமாய்ச் சுட்டது என்பது அதில்தான் விளங்கும்.

பிற்காலத்தில், தந்தைக்குத் தாம் நேர்மை செய்யவில்லை, இன்று எழுதினால் அந்நூலை வேறு விதமாய் எழுதுவேன் என்ற பொருளில் லாரன்சு பேசியதாக, அவரோடு வாழ்ந்தோரும் பழகியோரும் எழுதி வைத்துள்ளனர். தந்தை ஆர்தர் லாரன்சு 1924-இல் இறந்தார். மகன் 1930-இல், 44-ஆம் வயதில், பிரான்சு நாட்டு வான்சு நகரில் காசநோயால் மாண்டார். அந்த வேறு விதமான புதினம் எழுதப்படவே இல்லை.