சிவப்பு என்றால் என்ன செய்ய வேண்டும்?

இலங்கை மலையகத்தில், தோட்டத் தொழிலாளர்கள் வாழும் லயன் வீடுகளில் சென்னைச் சேனல்கள் ஓடுவது புதிதல்ல. நவம்பர் மழையில் அந்தத் திரையில் ‘ரெட் அலர்ட்’ என்று பெரிய எழுத்தில் வரும். ரிமோட்டை அழுத்தி உள்நாட்டுச் சேனலுக்குப் போனால், அடியில் ‘சிவப்பு எச்சரிக்கை’ ஓடிக்கொண்டிருக்கும். நிறம் ஒன்றுதான், பொருள் வேறு. இந்திய வானிலைத் துறையின் சிவப்பு, ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டக்கூடும், நிர்வாகம் களத்தில் இறங்க வேண்டும் என்பதற்கான குறி. இலங்கையின் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு விடுக்கும் சிவப்போ, மக்கள் உடனே வெளியேற வேண்டும் என்பதற்கான குறி. முதலாவதைப் பார்த்துப் பழகியவர் இரண்டாவதையும் ‘மழை பலமாம்’ என்று எடுத்துக்கொண்டு படுத்துவிட்டால்?

பேரிடருக்கு ஒரு தொலைக்காட்சி நிலையம் எப்படித் தயாராகிறது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது.

தமிழ்நாட்டுச் சேனல்கள் வேகத்துக்குத் தயாராகின்றன. வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் உருவானதும் நுங்கம்பாக்கம் வானிலை மையத்தில் மைக்குகள் வரிசைகட்டும். நாகைக்கும் கடலூருக்கும் செய்தியாளர்கள் கிளம்பிவிடுவார்கள். இப்போது செயற்கைக்கோள் வழியே நேரலை அனுப்பும் ஓ.பி. வேனை மட்டும் நம்புவதில்லை. பல நிறுவனங்களின் சிம் கார்டுகளைச் செருகி, எல்லாச் சிக்னலையும் ஒன்றுசேர்த்து நேரலை அனுப்பும் ‘பேக்பேக்’ ஒளிப்பதிவாளரின் முதுகில் இருக்கிறது. அடைமழையில் செயற்கைக்கோள் இணைப்பு தடுமாறும்போது அதுதான் கைகொடுக்கும். ஆனால் மின்சாரம் போய், செல்போன் கோபுரத்தின் பேட்டரியும் தீர்ந்துவிட்டால் அது வெறும் சுமை. அப்புறம் மெமரி கார்டைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் ஊர்வரை யாராவது பைக்கில் போக வேண்டியதுதான்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. ‘கரையைக் கடந்தது’ என்ற செய்தியோடு புயலே முடிந்துவிட்டதுபோல் அன்று காலை ஒரு தோற்றம் இருந்தது. காவிரி டெல்டாவின் உள்கிராமங்களில் தென்னந்தோப்புகள் தோப்புதோப்பாகச் சாய்ந்து கிடந்தது வெளியே முழுதாகத் தெரிய நாளாயிற்று. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்த மண்ணில் டிவி எங்கே ஓடும்? வேதாரண்யத்தைச் சென்னை பார்த்தது; வேதாரண்யத்துக்கு எதுவும் தெரியவில்லை.

இலங்கையில் செய்திப் படை சிறியது. ஆனால் அங்கே எச்சரிக்கை ஊருக்கு நெருக்கமாக வருகிறது. 2004 டிசம்பர் 26 அன்று கிழக்குக் கரையை ஆழிப்பேரலை தாக்கிய பிறகும், தென்மேற்கே பெரலியவை நோக்கிப் பயணிகள் நிறைந்த ரயில் ஓடிக்கொண்டிருந்தது; அங்கே அலை அதை வாரிக்கொண்டது. கிழக்கில் அலை வந்த தகவல் தீவின் குறுக்கே போய்ச் சேரவில்லை. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டமும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் அந்தத் துயரத்திலிருந்து பிறந்தவை. இன்று மண்சரிவு எச்சரிக்கை மாவட்டத்தின் பெயரோடு நிற்பதில்லை; ‘பதுளை மாவட்டம், ஹல்துமுல்லை பிரதேச செயலாளர் பிரிவு’ என்று இறங்கி வருகிறது. ‘டெல்டா மாவட்டங்களில் கனமழை’ என்று பொதுவாகச் சொல்லிப் பழகிய நம் சேனல்கள் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஊர்ப் பெயரோடு வந்தால் மட்டும் போதாது. அதே ஹல்துமுல்லைப் பிரிவில்தான் மீரியபெத்தை இருக்கிறது. 2014 அக்டோபர் 29 காலை தோட்டத் தொழிலாளர்களின் லயன்கள் மண்ணுக்குள் போயின. அந்தச் சரிவு ஆபத்தானது என்று பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தபோது, தமிழில் எச்சரிக்கை பிந்தியும் குறைவாகவும் வந்தது என்ற குரல் பலமாக எழுந்தது. மலையகத் தோட்டங்களின் லயன்களில் குடியிருப்பவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். அவர்கள் மொழியில் பிந்தி வரும் எச்சரிக்கை அவர்களைப் பொறுத்தவரை வராத எச்சரிக்கைதான். இதைச் சரிசெய்யக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. ‘இந்த இடத்தை விட்டு வெளியேறுங்கள், இன்ன பாடசாலைக்குப் போங்கள்’ என்ற வாக்கியங்களை வெயில் காலத்திலேயே தமிழில் எழுதி வைத்துவிடலாம். மழை வந்ததும் ஊர்ப் பெயரை மட்டும் நிரப்பினால் போதும்.

இந்தியப் பக்கத்தில் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. வயநாடு நிலச்சரிவுக்குப் பின், 2024 ஆகஸ்டில், பேரிடர்க் காட்சிகளில் தேதியும் நேரமும் இடம்பெற வேண்டும் என்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தனியார் சேனல்களுக்கு அறிவுறுத்தியது. வடிந்துபோன வெள்ளத்தையே மூன்று நாள் திரும்பத் திரும்பப் போட்டால், வெளியூரில் இருக்கும் மகன் இன்னும் தண்ணீர் நிற்கிறது என்று தவித்துப்போவான். திரையின் மூலையில் ஒரு நேரம் இருந்தால் அவனுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

வடகிழக்குப் பருவமழை இரு கரைகளையும் ஏறத்தாழ ஒரே காலத்தில்தான் நனைக்கிறது. சேனல் நடத்துபவர்களிடம் என் வேண்டுகோள் இது: செப்டம்பரிலேயே வண்ணங்களின் பொருளைச் சொல்லத் தொடங்குங்கள், எந்த நாட்டின் எச்சரிக்கை என்பதையும் திரையிலேயே போடுங்கள், மின்சாரம் போனால் கேட்பதற்குப் பேட்டரி வானொலி ஒன்றை எடுத்துவைக்கச் சொல்லுங்கள். உதவி எண்களை மழைக்கு முன்பே அடிவரியில் ஓடவிடுங்கள். தமிழ்நாட்டில் மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டத்துக்கு 1077. இலங்கையில் 117.