பெரிக்கிளீஸ் உயிரோடு இருந்திருந்தால்? – துசிடிடீஸின் தீர்ப்பு பற்றி ஒரு குறிப்பு

துசிடிடீஸ் எழுதிய பெலொப்பொனேசியப் போர் வரலாற்றை முதல்முறை படித்தபோது எனக்கு முப்பது வயது இருக்கும். பெரிக்கிளீஸ் பற்றி அவர் சொல்லும் தீர்ப்பை அப்படியே ஏற்றுக்கொண்டேன். பல வருஷம் நண்பர்களிடம் அதையே ஒப்பித்துக்கொண்டும் இருந்தேன். இந்த வருஷம் கையில் பென்சிலோடு உட்கார்ந்து மறுபடி படித்தேன். அந்தத் தீர்ப்பு தப்பு என்று இப்போது தோன்றுகிறது. அதற்கான ஆதாரத்தில் பெரும்பகுதி அவர் புத்தகத்திலேயே இருக்கிறது என்பதுதான் வேடிக்கை.

தீர்ப்பின் சாரம் இது. பெரிக்கிளீஸ் மக்களை நடத்திச் சென்றார், மக்களுக்குப் பின்னால் ஓடவில்லை. அதனால் ஏதென்ஸில் மக்களாட்சி என்பது பேருக்குத்தான், நிஜத்தில் ஆண்டது அவர் ஒருவரே. கி.மு. 429-ல் அவர் செத்த பிறகு வந்தவர்கள் ஆளுக்கு ஆள் போட்டி போட்டு, மக்களைக் குஷிப்படுத்தப் பார்த்து, சிசிலிப் படையெடுப்பு மாதிரியான காரியங்களில் நகரத்தை இறக்கிவிட்டார்கள். நல்ல தலைவன் இருந்தவரை நன்றாக இருந்தது, அவன் போனதும் கெட்டது. கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

முதலில் "ஆண்டது ஒருவரே" என்பதை எடுத்துக்கொள்வோம். பெரிக்கிளீஸ் பத்துத் தளபதிகளில் ஒருவர். வருஷா வருஷம் கைதூக்கி ஓட்டுப்போட்டால்தான் பதவி. கி.மு. 430-ல் கொள்ளைநோய் ஒரு பக்கம், ஸ்பார்ட்டாக்காரர்கள் வயல்களை அழித்தது இன்னொரு பக்கம். கோபத்தில் மக்கள் அவருக்கு அபராதம் போட்டார்கள். கொஞ்ச நாளில் அவர்களே மறுபடி அவரைத் தளபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். இதைச் சொல்வது யார்? துசிடிடீஸேதான், அதுவும் தன் தீர்ப்பை எழுதுவதற்குச் சில வரிகள் முன்னால். அபராதம் கட்டிவிட்டுத் திரும்பி வந்த ஒருவரை ஆண்டவர் என்று எப்படிச் சொல்வது? மக்கள் சபை வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

அடுத்தது, பெரிக்கிளீஸுக்கும் கிளியோனுக்கும் நடுவில் அவர் போடும் கோடு. கிளியோன் அவர் கண்ணில் முரடன், வாய்ச்சவடால் பேர்வழி. ஆனால் இருவரின் பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரிக்கிளீஸ் தன் கடைசிப் பேச்சில், உங்கள் பேரரசு கொடுங்கோன்மை போல ஆகிவிட்டது, பிடித்தது தப்பாக இருக்கலாம், விட்டால் ஆபத்து என்கிற பொருளில் பேசுகிறார். மூன்று வருஷம் கழித்து கிளியோனும் அதையேதான் சொல்கிறார். "போல" என்ற சொல் மட்டும் காணாமல் போயிருக்கிறது. இரண்டு தலைவர்களுக்கும் கொள்கையில் உள்ள தூரம் அந்த ஒரு சொல் அளவுதான் என்று நினைக்கிறேன்.

செயலிலும் அப்படித்தான். கி.மு. 446-ல் யூபியா தீவை அடக்கப் போன படைக்குத் தலைமை பெரிக்கிளீஸ். ஹெஸ்டியாயா ஊர் மக்களைத் துரத்திவிட்டு நிலத்தை ஏதென்ஸ்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். கி.மு. 431-ல் ஈஜினா தீவு மக்களைப் பெண்டு பிள்ளைகளோடு வெளியேற்றினார்கள். அப்போதும் அவர் உயிரோடுதான் இருந்தார்.

சரி, பணத்துக்கு வருவோம். கி.மு. 478 வாக்கில் பாரசீகத்துக்கு எதிராக ஆரம்பித்த கூட்டணியின் கருவூலம் டெலோஸ் தீவில் இருந்தது. பிறகு அது ஏதென்ஸுக்கு வந்தது. கி.மு. 454-லிருந்து வருஷக் கப்பத்தில் அறுபதில் ஒரு பங்கை ஏதெனா தெய்வத்துக்கு ஒதுக்கி, ஊர்வாரியாகக் கல்லில் வெட்டினார்கள். அந்தக் கற்கள் துண்டு துண்டாக இன்றும் இருக்கின்றன. கருவூலம் இடம் மாறியதைத் துசிடிடீஸ் சொல்வதே இல்லை. கி.மு. 425-ல் கப்பத்தைப் பெரிய அளவில் ஏற்றிய தீர்மானமும் கல்வெட்டாகக் கிடைத்திருக்கிறது. அவர் புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. யார் என்ன பேசினார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதியவர், இந்த வரவுகளை விட்டுவிட்டார்.

மிட்டிலினி விவகாரத்தில் இது எல்லாம் ஒன்றாக வருகிறது. கி.மு. 428-ல் அந்த நகரம் கலகம் செய்தது, அடுத்த வருஷம் சரணடைந்தது. வயதுவந்த ஆண்கள் எல்லோரையும் கொல்வது, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்குவது என்று சபை முடிவெடுத்துக் கப்பலை அனுப்பிவிட்டது. மறுநாள் மனசு உறுத்தி மறுபடி கூடினார்கள். கிளியோன் பழைய முடிவே இருக்கட்டும் என்றார். டயோடோட்டஸ் எதிர்த்தார். நியாயம் பார்த்து அல்ல, கொன்றால் நமக்கு லாபமில்லை என்று. மயிரிழையில் அவர் பக்கம் ஜெயித்தது. இரண்டாவது கப்பலில் துடுப்பு போட்டவர்கள் முறைவைத்துத் தூங்கி, துடுப்பைப் பிடித்துக்கொண்டே சாப்பிட்டு, கொலை நடப்பதற்குள் போய்ச் சேர்ந்தார்கள்.

பெரிக்கிளீஸ் இல்லாமலே சபை தன் தப்பைத் திருத்திக்கொண்டது. நானும் முன்பு இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வேன். பென்சிலோடு படித்தபோதுதான் அடுத்த பக்கம் உறைத்தது. கலகத்துக்குக் காரணமானவர்கள் என்று ஆயிரம் பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். லெஸ்போஸ் தீவில், மெதிம்னா நகரத்தின் நிலம் நீங்கலாக, மற்ற நிலத்தை 3,000 பங்காகப் பிரித்தார்கள். தெய்வங்களுக்கு 300, மிச்சம் 2,700 ஏதென்ஸ் குடிமக்களுக்குச் சீட்டுப் போட்டு. நிலத்துக்காரனே குத்தகைக்கு உழுது, பங்குக்கு வருஷம் 2 மினா, அதாவது 200 டிராக்மா கட்ட வேண்டும். ஓட்டுப் போட்டவர்களே குத்தகை வாங்குகிறார்கள். எந்தத் தலைவர் வந்து இதை மாற்றியிருப்பார்?

துசிடிடீஸுக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். போர் முடியும்வரை பேரரசை விரிக்காதீர்கள் என்று பெரிக்கிளீஸ் எச்சரித்தது உண்மை. அவர் இருந்திருந்தால் சிசிலிக்குப் போயிருக்க மாட்டார்கள் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அது தோல்வியைத் தள்ளிப்போட்டிருக்கும், அவ்வளவுதான். கூட்டணி ஊர்கள் வாய்ப்பு கிடைத்தபோதெல்லாம் கலகம் செய்தன. சேமோஸ் தீவு கி.மு. 440-லேயே செய்தது, பெரிக்கிளீஸ் உச்சத்தில் இருந்த காலத்தில்.

இதில் எனக்குச் சொந்தமாக ஒரு உறுத்தல் உண்டு. பல வருஷம் முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு சிஸ்டம் ராத்திரியில் படுத்துவிட்டது. காரண அறிக்கை எழுதியது நான். கடைசியாகக் கோடில் கைவைத்த ஜூனியர் பையன்மேல் எழுதினேன். எழுதியது பொய்யில்லை, ஆனால் அந்த டிசைன் என்னுடையது. துசிடிடீஸும் கி.மு. 424-ல் தளபதியாக இருந்து, ஆம்பிபோலிஸ் நகரத்தை பிரசிடாஸிடம் இழந்து, இருபது வருஷம் ஊரைவிட்டு இருந்தவர். அவர் தீர்ப்பைப் படிக்கும்போது என் அறிக்கை ஞாபகம் வருவதைத் தடுக்க முடியவில்லை.

அந்த இரண்டாவது கப்பலுக்கு ஒயினும் வாற்கோதுமையும் கொடுத்து, சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் பெரிய வெகுமதி உண்டு என்று சொல்லி அனுப்பியது ஏதென்ஸில் இருந்த மிட்டிலினித் தூதர்கள். அவர்கள் ஊரின் சாவைப் பற்றி இரண்டு நாள் ஓட்டெடுப்பு நடந்தது. அதில் அவர்களுக்கு ஓட்டு இல்லை.

கப்பக் கற்களைப் பற்றி அடுத்த குறிப்பில் தனியாக எழுத வேண்டும்.