நிலைப்படியில் நிற்கும் பெண்: சமகால ஓவியத்தில் பெண்ணுருச் சித்திரிப்பு

முன்னுரை

கடந்த இருபதாண்டுகளில் தமிழ்ப் பொதுமக்களிடையே பரவலாக அறியப்பட்ட ஓவியங்களுள் எஸ். இளையராஜா வரைந்த பெண்ணுருவங்கள் குறிப்பிடத்தக்கவை. கும்பகோணத்தை அடுத்த சிற்றூரில் பிறந்து, கும்பகோணம், சென்னை அரசு கவின்கலைக் கல்லூரிகளில் பயின்ற இவர் 2021 ஜூன் மாதம் கொரோனா தொற்றால் காலமானார். ‘திராவிடப் பெண்கள்’ என அறியப்படும் இவரது ஓவிய வரிசை, ஒளிப்படமோ என ஐயுற வைக்கும் நுட்பத்திற்காகவே பெரிதும் பாராட்டப்பட்டது. அப்பாராட்டின் மிகுதியில், இவ்வோவியங்கள் பெண்ணை எங்கே நிறுத்துகின்றன என்னும் வினா எழுப்பப்படவில்லை. அவ்வினாவையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

நிலைப்படியின் மரபு

இளையராஜாவின் பெண்கள் பெரும்பாலும் கதவருகிலோ சன்னலருகிலோ நிற்கின்றனர். அல்லது திண்ணையில் அமர்ந்திருக்கின்றனர். இந்த இடத்தேர்வு புதியதன்று. ரவிவர்மா 1893இல் வரைந்த ‘அதோ அப்பா வருகிறார்’ என்னும் எண்ணெய் வண்ண ஓவியத்தில், கைக்குழந்தையுடன் வாயிலில் நிற்கும் இளம்பெண் சட்டகத்திற்கு வெளியே பார்க்கிறாள். வரப்போகும் ஆடவன் ஓவியத்தில் இல்லை. ஆயினும் பெண்ணின் பார்வை, குழந்தையின் முகம், காலடியில் நிற்கும் நாய் ஆகிய அனைத்தும் அவன் வருகையை நோக்கியே அமைக்கப்பட்டுள்ளன.

முல்லைத் திணையின் உரிப்பொருளான இருத்தலைத் தமிழ் வாசகர் இங்கு எளிதில் நினைவுகூர்வர். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. சங்கப் பாடல்களில் காத்திருக்கும் தலைவி பேசுகிறாள், ஐயுறுகிறாள், தோழியிடம் முறையிடுகிறாள். எண்ணெய் வண்ண மரபு அவளது கூற்றை விலக்கித் தோற்றத்தை மட்டும் வைத்துக்கொண்டது. ரவிவர்மா 1894இல் தொடங்கிய கல்லச்சகத்தின் வழியாக இத்தோற்றம் வெண்ணிற மேனியுடன் நடுத்தரக் குடும்பச் சுவர்களை அடைந்தது. கோவில்பட்டி நாட்காட்டி ஓவியங்களும் வார இதழ் அட்டைகளும் அந்நிறத்தைக் கேள்விக்குட்படுத்தாமல் தொடர்ந்தன.

கருமையின் வரவு

இப்பின்னணியில் இளையராஜா செய்த திருத்தம் சிறியதன்று. அவர் கருநிறப் பெண்ணை நடுவில் நிறுத்தினார். அக்கருமை ஒற்றை வண்ணப் பூச்சாக இல்லை. சன்னலின் வழி விழும் வெயில் கன்னத்தில் பொன்னாகவும், நிழற்பகுதியில் குளிர்ந்த நீலமாகவும், தோளில் மண்ணின் செம்மையாகவும் மாறுகிறது. மேனியைச் சிவப்பாக்கும் களிம்புகளின் விளம்பரங்கள் வீட்டுக்குள் நுழைந்துவிட்ட காலத்தில், அதே வீட்டுச் சுவரில் கருநிறப் பெண்ணின் படமும் மாட்டப்பட்டது. நுட்பத்திற்காக மட்டும் அவரைப் புகழ்வோர் இச்செயலின் கனத்தைக் குறைத்தே மதிப்பிடுகின்றனர் எனலாம்.

ஆனால் நிறத்தை மாற்றிய தூரிகை இடத்தை மாற்றவில்லை. ஓடு வேய்ந்த வீடு, செதுக்குவேலை கொண்ட மரக்கதவு, பித்தளைப் பாத்திரம், தலைநிறையப் பூ ஆகியவையே பெரும்பாலான படங்களின் சூழல். காவிரிப்படுகையின் ஊர்களில் அன்றாடம் காணப்படும் நெகிழிக் குடமும், நூறு நாள் வேலைக்குச் செல்லும் பெண் எடுத்துச்செல்லும் தூக்குப்பாத்திரமும் இவற்றில் இடம்பெறுவது அரிது. நாற்று நடும் பெண்ணின் வெடித்த பாதமும் அவ்வாறே. பூத்தொடுத்தல், அடுக்களைப் பணி முதலியன காட்டப்பட்டாலும், அவற்றால் உடலில் ஏறும் களைப்பு காட்டப்படுவதில்லை. பெண்கள் மிகுதியும் இளையோர். கரிய பெண்ணுக்குரிய மதிப்பு மறைந்துவரும் பழைய வீட்டின் உடைமையாகவே கிடைக்குமெனில், அம்மதிப்பு பெண்ணுக்குரியதா வீட்டுக்குரியதா என்று கேட்க வேண்டியுள்ளது.

வாயிலற்ற வெளி

இவ்விடத்தில் அர்பிதா சிங்கின் ‘என் தாய்’ (1993) ஒப்புநோக்கத்தக்கது. 1937இல் வங்காளத்தில் பிறந்து தில்லியில் பயின்ற அர்பிதா, நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றியவர். தையல் இழைகளைப் போன்று அடர்ந்து ஓடும் அவரது தூரிகைக் கோடுகளில் அவ்வனுபவத்தின் சாயல் தெரிகிறது. 1992 டிசம்பரைத் தொடர்ந்த வன்முறைகளின் பின்னணியில் எழுந்த இவ்வோவியத்தில், வெண்சேலை உடுத்த முதிய பெண் பேருருவாக நிற்கிறாள். பின்னே ஊர் சிதறிக் கிடக்கிறது. ஆயுதம் ஏந்தியோரும் வீழ்ந்த உடல்களும் சிறு உருக்களாகத் தென்படுகின்றனர். அவள் நிற்க நிலைப்படி இல்லை. எவர் வரவையும் அவள் எதிர்நோக்கவில்லை. தளர்ந்த உடலை ஓவியர் அழகுபடுத்தவுமில்லை, இரக்கத்திற்கு உரியதாக்கவுமில்லை. மூன்றாண்டுகளுக்கு முன் வரைந்த ‘தேவி பிஸ்டல்வாலி’யில் கைகள் பல கொண்ட பெண்ணின் ஒரு கையில் துப்பாக்கியைக் கொடுத்தவரும் இவரே. துப்பாக்கி ஏந்திய அவ்வுருவைக் காட்டிலும், வெறுங்கையுடன் நிற்கும் இத்தாயே பார்ப்போரைக் கூடுதலாகக் கலங்கவைக்கிறாள்.

இவ்வொப்பீட்டை இளையராஜாவுக்கு எதிரான தீர்ப்பாகக் கொள்ளலாகாது. அர்பிதாவின் பெண்கள் நகர நடுத்தர வர்க்கத்தினர். இளஞ்சிவப்பும் நீலமும் அவர்களின் மேனிவண்ணங்கள். வயலில் உழைக்கும் கரிய பெண் அவரது உலகிலும் மையம் பெறவில்லை. ஒருவர் நிறத்தை மீட்டார். மற்றவர் முதுமையையும் வெளியையும் மீட்டார். இவை மூன்றும் ஒரே உருவில் கூடும் ஓவியத்தை இவ்விருவரிடத்தும் காண இயலவில்லை.

இளையராஜாவின் வரிசையில் பெண் பார்வையாளரை நேரே நோக்கும் சில படங்கள் உண்டு. அவை எண்ணிக்கையில் குறைவானவை. பரவலாகப் பகிரப்படும் சாய்ந்த முகப் படங்களின் அளவுக்குப் பேசப்படாதவை. கதவும் வெயிலும் அவற்றிலும் மாறவில்லை. ஆயினும் கண்கள் முன்னோக்கித் திரும்பியதும், வாயிலுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பவர் பார்வையாளர் ஆகிவிடுகிறார். அவரை உள்ளே அழைப்பதா என்பதை அவள் இன்னும் முடிவுசெய்யவில்லை.