பட்டறிவுக் கூம்பும் அதன் இடைச்செருகலும்

கல்வித் தொழில்நுட்பம் எனவும் கல்வி ஊடகவியல் எனவும் பெயர்பெற்று அமெரிக்கப் பல்கலைக் கழகங்களில் வளர்ந்துள்ள துறை, தமிழாராய்ச்சியோடு தொடர்பற்றது எனத் தோன்றக்கூடும். ஆயினும் அத்துறையின் பட்ட மேற்படிப்பில் அடிப்படையாகக் கற்பிக்கப்பெறும் படம் ஒன்று, சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடங்கண்டு பழகியவர்க்கு நன்கு அறிமுகமான ஒரு சிக்கலுக்கு ஆளாகியுள்ளது. மூலநூலில் இல்லாத எண்கள் அப்படத்தின்மேல் ஏறின. ஏறியவை மூலவாசிரியர் பெயராலேயே வழங்கலாயின. இன்று அவ்வெண்களையே மூலமெனக் கொள்வார் பலர். நம் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளிலும் ‘டேலின் அனுபவக் கூம்பு’ என அப்படம் பாடமாக இருத்தலின், இச்செருகலைப் பிரித்தறிதல் நமக்கும் கடனாகின்றது.

முதற்கண் மூலத்தை நோக்குவோம். எட்கர் டேல் (1900–1985) ஓகையோ மாநிலப் பல்கலைக் கழகத்தில் 1929 முதல் 1970 வரை பணியாற்றிய பேராசிரியர். கற்பித்தலில் பயன்படும் ஒலி-ஒளி முறைகளைப் பற்றிய அவரது நூல் 1946-ஆம் ஆண்டில் வெளிவந்தது. கூம்பு அந்நூலிலே இடம்பெற்றது. அதன் அடித்தளத்தில், மாணவன் தானே ஒரு நோக்கத்தோடு ஈடுபட்டுப் பெறும் நேர்ப் பட்டறிவு வைக்கப்பட்டுள்ளது. அதன்மேல் மாதிரிகளைக்கொண்டு அமைத்துத் தரும் பட்டறிவும், நாடகப் பங்கேற்பும், செய்து காட்டலும், வெளியிடங்களுக்குச் சென்று காண்டலும், பொருட்காட்சியும், திரைப்படமும் முறையே அடுக்கப்பெற்றுள்ளன. வானொலி, ஒலிப்பதிவு, அசையாப் படம் ஆகியவை ஒருங்கே ஒரு தட்டாக அவற்றின்மேல் நிற்கின்றன. வரைபடம் முதலிய காட்சிக் குறியீடுகள் அதற்கும் மேலே உள்ளன. சொற்குறியீடு உச்சியில் உள்ளது. 1954-இல் வந்த இரண்டாம் பதிப்பில் தொலைக்காட்சி சேர்க்கப்பட்டது; 1969-இல் வந்த மூன்றாம் பதிப்பில், செயல், படிமம், குறியீடு எனப் புரூனர் வகுத்த மூவகையோடு கூம்பின் தட்டுகள் இயைத்துக் காட்டப்பட்டன. இவ்வகை அடுக்கு டேலுக்கு முன்னரும் உண்டு. 1937-இல் ஓபன் முதலியோர் எழுதிய நூலில், பருப்பொருளிலிருந்து நுண்பொருள் நோக்கிச் செல்லும் ஒரு வரைவு காணப்படுகின்றது.

இவ்வடுக்கு எதனை அளக்கின்றது என்பதே இங்கு உயிர்நாடியான வினா. பருமையிலிருந்து நுண்மைக்குச் செல்லும் அளவு ஒன்றையே அது குறிக்கின்றது. எம்முறை சிறந்தது, எம்முறையால் எவ்வளவு நினைவில் நிற்கும் என்பவை அதில் இல்லை. மூன்று பதிப்புகளிலும் கூம்பின்மேல் எண் ஒன்றேனும் இல்லை. கூம்பினை ஓர் உவமையாகக் கொள்ள வேண்டும் என்றும், தட்டுகளைத் தரவரிசையாகக் கொள்ளலாகாது என்றும் டேல் தாமே தெளிவுபடுத்தியுள்ளார். தமிழில் ‘கூம்பு’ என்ற சொல் வாய்த்தது ஒரு நற்பேறு எனலாம். மலர் கூம்புதல் போல, விரிந்தது குவிந்து ஒரு முனையில் அடங்குதலை அச்சொல் உணர்த்தும். அடங்கியது குறைந்தது என்று அச்சொல் ஒருபோதும் பொருள்படாது. பிற்காலத்தார் கூம்பினைப் பிரமிடு ஆக்கியபோது இக்குறிப்பு மறைந்தது. ஏறுவதற்குரிய படிகளே கண்ணுக்குப் பட்டன.

இனிச் செருகலைக் காண்போம். படித்ததில் 10 விழுக்காடு, கேட்டதில் 20, கண்டதில் 30, கண்டும் கேட்டும் அறிந்ததில் 50, தாமே சொன்னதில் 70, சொல்லிச் செய்ததில் 90 விழுக்காடு மாந்தர் நினைவில் நிற்கும் என்பது பெருவழக்காகிய பாடம். 1967-ஆம் ஆண்டில் திரைப்படம், ஒலி-ஒளித் தொடர்பு ஆகியவை பற்றிய ஓர் இதழில் வந்த கட்டுரையில் இவ்வெண்கள் காணப்படுகின்றன. அவற்றுக்கு அடிப்படையான ஆராய்ச்சி எதுவும் அங்கே காட்டப்படவில்லை. பின்னர் எவரோ இவ்வெண்களை டேலின் கூம்பின்மேல் ஏற்றினர். மற்றொரு பாடமும் உண்டு. மெய்ன் மாநிலத்துப் பெத்தல் என்னும் ஊரோடு தொடர்புடைய தேசியப் பயிற்சி ஆய்வகத்தின் பெயரால் வழங்கும் அப்பாடத்தில் விரிவுரைக்கு 5, படிப்புக்கு 10, ஒலி-ஒளிக்கு 20, செய்து காட்டலுக்கு 30, குழு உரையாடலுக்கு 50, செய்து பழகலுக்கு 75, பிறர்க்குக் கற்பித்தலுக்கு 90 என எண்கள் அமைகின்றன. மூல ஆராய்ச்சி எங்கே என வினவியோர்க்கு, அது தம்மிடம் இல்லை, தேடியும் கிடைக்கவில்லை என்பதே அந்நிறுவனத்தார் அளித்த விடை.

புறச்சான்று இவ்வாறு பொய்ப்ப, அகச்சான்று இன்னும் கடுமையாக மறுக்கின்றது. முதற்பாடத்தில் கேள்வி, படிப்பினும் மேம்பட்டது. இரண்டாம் பாடத்தில் விரிவுரை, படிப்பினும் தாழ்ந்தது. இவ்விரண்டும் ஒரே மூலத்திலிருந்து பிறந்திருத்தல் இயலாது. படித்தல் காண்டலுள் அடங்குமா, அடங்காதா என்பதற்கு விடையில்லை. அடங்குமாயின் அதற்கு 10-உம் காண்டலுக்கு 30-உம் எவ்வாறு பொருந்தும்? எவர் நினைவில், எப்பொருள், எத்தனை நாள் கழித்து என்பனவும் கூறப்படவில்லை. ஒரு மணி நேரத்திற்குப் பின் நிற்பது வேறு, ஓராண்டிற்குப் பின் நிற்பது வேறு என்பதைத் தேர்வெழுதிய எவரும் அறிவர். மேலும், ஆராய்ச்சியிற் பிறந்த அளவைகள் பத்துப் பத்தாக உருண்டு வருதல் யாண்டும் இல்லை. இத்தகைய படங்களுள் ஒன்றன் அடியில், மிக்கலீன் சீ முதலியோர் 1989-இல் வெளியிட்ட ஆராய்ச்சி சான்றாகக் குறிக்கப்பட்டுள்ளது. அவ்வாராய்ச்சியோ, இயற்பியல் எடுத்துக்காட்டுக் கணக்குகளை மாணவர் தமக்குத்தாமே எவ்வாறு விளக்கிக்கொண்டனர் என்பதைப் பற்றியது; இவ்வெண்கள் அதில் இல்லை. சான்று காட்டியவர் அதனைப் புரட்டியும் பார்த்திலர் என்றே யாம் கருதுகின்றோம்.

வெள்ளி பாடல் எனத் தள்ளப்படுவனவற்றை நாம் அறிவோம். அவற்றைச் செய்தார்க்குப் புலமையேனும் இருந்தது. மூலவாசிரியரின் நடையைப் பின்பற்றும் முயற்சியேனும் இருந்தது. இங்கு அதுவும் இல்லை.

டேல் குற்றமற்றவர் என்பது எம் கருத்தன்று. கூம்பின் தட்டுகள் ஒரே அடிப்படையில் வகுக்கப்படவில்லை. நாடகப் பங்கேற்பு மாணவன் செய்வது. திரைப்படமும் வானொலியும் கருவிகள். செயலையும் கருவியையும் ஒரே அடுக்கில் நிறுத்தியமையால், கருவிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு மதிப்பெண் இடலாம் என்ற எண்ணத்திற்கு வழி திறந்தது. வடிவமும் துணைசெய்தது. அடி அகன்று முடி குறுகிய உருவம் காண்பார்க்கு, மேலே உள்ளது சிறிது, கீழே உள்ளது பெரிது என்ற அளவையே முதலில் தோன்றும். அவ்வாறு கொள்ளற்க என்ற எச்சரிக்கை உரைநடையில் இருந்தது. படம் மட்டும் உரையை விட்டுப் பிரிந்து, நூலிலிருந்து நூலுக்கும் கரும்பலகையிலிருந்து திரைக்கும் சென்றது. நூற்பா உரையின்றி வழங்கினால் நேரும் இடர்ப்பாட்டை நாம் நன்கறிவோம். சொல்லின்றிப் படம் தானே பேசும் என்று நம்பிய ஒரு துறையில், அத்துறையின் தலையாய படமே சொல்லை இழந்தமையாற் பொருள் திரிந்தது.

டேலின் பிற பணிகளை நோக்குவார்க்கு இத்திரிபு மேலும் வியப்பளிக்கும். திரைப்படங்களை மாணவர் மதிப்பிட்டு நோக்குவதற்கு வழிகாட்டும் நூலொன்றை 1933-இலேயே அவர் எழுதினார். 1948-இல் ஜீன் சால் என்னும் அம்மையாரோடு சேர்ந்து, ஓர் உரைநடைப் பகுதி எத்தகைய மாணவர்க்கு எளிதிற் படிக்கத்தக்கது என அளக்கும் வாய்பாட்டை வெளியிட்டார். வாக்கியத்தின் சராசரி நீளமும், ஏறத்தாழ 3000 எளிய சொற்கள் அடங்கிய பட்டியலில் இல்லாத சொற்களின் விகிதமும் அதற்கு அடிப்படை. 1976-இலும் சொல்லறிவு பற்றிய பெருந்தொகுப்பு ஒன்றை அவர் மற்றோர் அறிஞரோடு வெளியிட்டார். சொல்லுக்கும் படிப்புக்கும் இவ்வளவு உழைத்த ஒருவரையே, படிப்பில் பத்தில் ஒரு பங்கே நிற்கும் என்பதற்குச் சான்றாகக் காட்டுகின்றனர்!

இது நெடுங்காலம் நிலைத்தமைக்குக் காரணம் பட்ட மேற்படிப்பின் அமைப்பிலேயே உள்ளது என்பது எம் துணிபு. அமெரிக்க நாட்டில் இத்துறை பெரும்பாலும் முதுகலை, முனைவர் நிலைகளிலேயே கற்பிக்கப்பெறுகின்றது. இளங்கலையில் இதனைப் பயின்று வருவார் சிலரே. பள்ளியாசிரியர், படைத்துறைப் பயிற்சியாளர், தொழிற்சாலைப் பயிற்சியாளர், நூலகர் எனப் பல திசையினின்றும் மாணவர் வருகின்றனர். அனைவர்க்கும் பொதுவான அடிப்படை நூற்பயிற்சி முன்னரே அமைந்திருப்பதில்லை. அக்குறையைக் குறுகிய காலத்தில் நிரப்ப வேண்டியிருத்தலின், கூம்பு, வட்டம், அம்புக்குறி வரைவு என்பன நூல்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. 1957-இல் சோவியத்து நாட்டார் ஸ்புட்னிக்கை ஏவியதன் எதிரொலியாக, 1958-இல் இயற்றப்பட்ட தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தின் ஏழாம் பிரிவு கல்வி ஊடக ஆராய்ச்சிக்குப் பொருளுதவி வழங்கியது. இண்டியானா, சிரக்யூஸ், தென் கலிபோர்னியா முதலிய பல்கலைக் கழகங்களில் துறை வளர்ந்தது. பெயரும் மாறிற்று. 1923-இல் காட்சிவழிக் கல்வி என்னும் பெயரோடு தோன்றிய ஆசிரியர் அமைப்பு, 1947-இல் ஒலி-ஒளி என்பதனையும், 1970-இல் தொழில்நுட்பம் என்பதனையும் தன் பெயரில் ஏற்றது. கருவி மாறுந்தோறும் பெயர் மாற்றும் துறையில், பழைய நூலைத் திரும்பிப் பார்ப்பதற்கு ஊக்கம் குறைவாகவே இருக்கும்.

ஆயினும் அத்துறையிலேயே தக்க மறுப்பு எழாமல் இல்லை. 1983-இல் ரிச்சர்ட் கிளார்க், ஊடகங்களை ஒப்பிடும் ஆராய்ச்சிகளைத் தொகுத்து ஆய்ந்து, ஊடகம் கற்றலை மிகுவிப்பதில்லை. அதன்வழி வரும் கற்பிக்கும் முறையே மிகுவிக்கின்றது என வாதிட்டார். மளிகைப் பொருளைக் கொணரும் வண்டி நம் உடலுக்கு ஊட்டமளிப்பதில்லை என்பது அவர் கூறிய உவமையின் கருத்து. திரைப்படத்தாற் கற்ற வகுப்பு மிகுதியாகக் கற்றதெனின், திரைப்படத்தை அமைத்தவர் பாடத்தைச் செம்மையாக வகுத்தமை காரணமா, திரை காரணமா என அவர் கேட்டார். ராபர்ட் கோஸ்மா 1991-இலும் 1994-இலும் இதனை மறுத்து, ஒவ்வோர் ஊடகத்திற்கும் உரிய இயல்பு மாணவனின் அறிவுச் செயலோடு இயைந்து தொழிற்படும் என்றார். இருவருள் எவர் கூற்று வலியுடைத்து என்பது ஈண்டு நம் ஆராய்ச்சியன்று. கிளார்க்கின் வினாவை ஒரு முறை உள்ளத்திற் கொண்டவர், 10, 20, 30 என்ற அடுக்கினை ஏற்றல் அரிது. கோஸ்மாவின் விடையை ஏற்பாரும், பொருளும் மாணவனும் இன்றி ஊடகத்திற்கு மட்டும் மதிப்பெண் இட ஒருப்படார். இவ்விவாதத்தை ஒரு பாடத்திற் படித்து, அடுத்த பாடத்தில் எண்ணேறிய கூம்பினைப் படியெடுக்கும் மாணவர்க்கு இரண்டும் முரண்படுவதை எடுத்துக்காட்டுதல் ஆசிரியர் கடமையாகும்.

இலக்கியம் கற்பிப்பார்க்கு இதனால் விளையும் கேடு பெரிது. படிப்பில் நிற்பது 10 விழுக்காடே என நம்பிய ஆசிரியர், செய்யுளைப் படிப்பிக்கும் நேரத்தைக் குறைத்து அக்கதையின் படக்காட்சியை வகுப்பில் ஓட்டுவார். அது புதுமை எனப் பாராட்டவும் படுவார். எண்கள் நீங்கிய தூய கூம்பும் இவ்விடத்தில் நமக்கு முழுதும் பொருந்துவதன்று. டேலின் அடுக்கில் சொல், பிறிதொரு பொருளைக் குறிக்கும் அடையாளம். கடலைப் பற்றிக் கற்பிக்குங்கால் அது மெய்யே. கடற்கரைக்குச் செல்லுதல் அடித்தளம், ‘கடல்’ என்ற சொல் உச்சி. ஆனால் நெய்தற் பாட்டொன்றைக் கற்பிக்குங்கால் கற்கப்படும் பொருள் கடலன்று, அப்பாட்டே. அதன் சொற்களும் ஓசையும் உள்ளுறையுமே மாணவன் நேரிற் காண வேண்டிய பொருள்கள். அவற்றை வாய்விட்டுப் படித்தல் அவனுக்கு நேர்ப் பட்டறிவாகும்; கடற்கரைப் படம் காட்டுதலோ பாட்டிலிருந்து விலகிய மாதிரியாகும். ஆகவே இலக்கியத்தைப் பொறுத்தமட்டில் கூம்பின் உச்சியும் அடியும் ஓரிடத்தே கூடுகின்றன. டேல் இதனை எண்ணிப் பார்க்காமைக்கு அவரைக் குறை கூறுதல் முறையன்று; அவர் நோக்கியது பொதுப் பள்ளிப் பாடங்களை. அவரது படத்தை மாற்றமின்றித் தமிழ் கற்பிக்கும் முறைக்குள் கொணர்ந்த நாம்தாம் இதனை எண்ணியிருத்தல் வேண்டும்.

கூம்பின் வரலாறு முறையாகத் துருவப்பட்டது அண்மையிலேயே. வில் தால்கைமர் பல்கலைக் கழகங்களுக்குப் புறத்தே பணியாற்றுபவர். இவ்வெண்களின் பிறப்பைத் தேடி முன்னரே எழுதிவந்தார். இண்டியானாப் பல்கலைக் கழகத்தைச் சார்ந்த மொலெண்டாவும், சுப்பிரமணியும் பெட்ரசும் அவரோடு இணைந்தனர். இந்நால்வரும் 2014-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரைத் தொடரில், எண்கள் எவ்வாறு தோன்றிக் கூம்பில் ஏறின என்பதும், பொய்யாகச் சார்த்தப்பட்ட சான்றுகள் எவை என்பதும் விரிவாகக் காட்டப்பட்டன. 1967-ஆம் ஆண்டுக் கட்டுரைக்கும் இத்தொடர்க்கும் இடையே 47 ஆண்டுகள் கழிந்தன. அவ்விடைக்காலத்து மேற்பட்ட மாணவர் எவரும், டேலின் மூன்று பதிப்புகளை ஒரு மேசைமீது விரித்துவைத்து ஒப்புநோக்கியிருப்பின், ஒரு பிற்பகலில் இதனைக் கண்டிருக்கலாம்.