முகமூடியும் முன்கதையும்: ‘பேட்மேன்: ஆர்க்கம் நைட்’ விளையாட்டில் எதிர்ப்பாத்திரப் படைப்பு

ராக்ஸ்டெடி நிறுவனத்தின் உருவாக்கத்தில் 2015இல் வெளியான ‘பேட்மேன்: ஆர்க்கம் நைட்’ என்னும் காணொளி விளையாட்டு, எதிர்ப்பாத்திரத்தின் பெயரைத் தலைப்பிலேயே அறிவித்துவிட்டு, அவன் யார் என்பதை நெடுநேரம் மறைக்கிறது. முகமூடி விலகுகையில் வெளிப்படுபவன் பேட்மேனின் பழைய துணைவன் ஜேசன் டாட். ஜோக்கரால் கொல்லப்பட்டதாகக் கருதப்பட்டவன். தன்னைக் கைவிட்டு வேறொருவனை வரித்துக்கொண்ட ஆசானைப் பழிவாங்க வந்தவன். வலிமையான நாடகத்திற்கு இவ்வுறவே போதும். எனினும், இந்நிறுவனத்தின் உருவாக்கத்தில் 2009, 2011ஆம் ஆண்டுகளில் வெளியான முந்தைய இரு பகுதிகளின் முதன்மைக் கதையில் ஜேசனுக்கு இடமே இல்லை. ஆதலால் அவனை அறிமுகப்படுத்துவதும் மறைப்பதும் ஒரே பகுதியின் சுமையாகின்றன. ஜோக்கர் அவனை வதைக்கும் நிகழ்வுகள் பேட்மேனின் பிரமைக் காட்சிகளாக இடையில் புகுத்தப்படுகின்றன; மர்மத்தை உடைப்பவையும் அவையே. 1988ஆம் ஆண்டுச் சித்திரக்கதையில் ஜேசன் இறந்ததை அறிந்தவர் விடையை முன்பே ஊகித்துவிடுவர். அறியாதவருக்கோ அது வெறும் பெயர்.

இறந்துபோன ஜோக்கர் பேட்மேனின் மனத்துள் நின்று பேசும் இடங்கள் இவ்விளையாட்டின் சிறந்த பகுதிகள். முந்தைய பகுதிகளில் அவன் வாழ்ந்ததையும் மடிந்ததையும் ஆடுபவர் கண்டிருக்கிறார். ஜேசனுக்கு அத்தகைய முன்வாழ்வு வழங்கப்படவில்லை. முகம் வெளிப்பட்டபின் தப்பி மறையும் அவன், ஸ்கேர்குரோவிடம் சிக்கிய பேட்மேனின் கட்டுகளை இறுதியில் சுட்டறுக்கிறான். வெறுப்பு எவ்வாறு இச்செயலாக மாறியது என்பது மட்டும் கதைக்கு வெளியிலேயே நிகழ்ந்துவிடுகிறது.