கோபுரத்துச் செங்கலும் தேவாலய ஆணியும்

நாகப்பட்டினத்தில் கப்பல்காரர்களுக்குக் கரை காட்டி நின்ற பழங்கோபுரம் ஒன்று 1867இல் இடிக்கப்பட்டது. புதுவெளிக் கோபுரம், சீனக் கோபுரம் என்றெல்லாம் அதற்குப் பெயர். சோழ மன்னன் ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைப் பள்ளிச்சந்தமாக, அதாவது சமயப் பள்ளிக்கான மானியமாக, விட்ட சூளாமணி என்ற பௌத்த விகாரத்தின் மிச்சம் அது என்று பலரும் கருதுகிறார்கள். மூன்று நிலைகள், சாந்து வைக்காமலே இடைவெளியின்றி நெருக்கி அடுக்கிய செங்கல். சிதைந்துபோன அதை இடித்து, செங்கலைத் தங்கள் கல்லூரிக் கட்டடத்துக்கு எடுத்துக்கொள்ள இயேசு சபையினர் அனுமதி கேட்டார்கள். அரசும் கொடுத்தது.

இடிந்ததன் பொருளை வேறு கட்டடத்துக்கு எடுக்கும் இந்தப் பழக்கத்தை எடுத்த எடுப்பில் பழிக்க மனம் வரவில்லை. வண்டல் பூமியான டெல்டாவில் கல் கிடையாது. வெந்த செங்கலை யாரும் வீணாக்க மாட்டார்கள். இடிபாட்டைக் குப்பையாகக் கொட்டுவதைவிட வழிபாட்டிடத்தில் சேர்ப்பது அதற்கு மரியாதையும்கூட. அப்படி மரியாதையோடு செய்ததும் உண்டு. இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் குண்டுவீச்சில் பேராலயம் எரிந்தது. கருகிய உத்தரங்கள் இரண்டைச் சேர்த்து ஒரு சிலுவை செய்தார்கள். கூரையில் இருந்த இடைக்கால ஆணிகள் மூன்றைக் கோத்து இன்னொன்று. பகைநாடான ஜெர்மனியின் தேவாலயங்களுக்கே பிறகு ஆணிச் சிலுவைகள் போயின. பழைய ஆணிகள் அளவோடுதான் இருந்தன. அதனால் பிற்காலத்துச் சிலுவைகளில் பல புது ஆணியில் செய்தவை. அதை நான் பெரிய குறையாக எண்ணவில்லை. கதை மறைக்கப்படவில்லையே.

இரண்டுக்கும் இடையில் உள்ள வேறுபாடு பெரியது. கோவென்ட்ரிக்காரர்கள் எடுத்தது தங்கள் சொந்த இழப்பிலிருந்து. ஆணி ஆணியாகவே தெரிகிறது. நாகையில் எடுத்தது வேறொரு சமயத்தின் எச்சம். அதற்காகப் பேச அன்று ஊரில் பௌத்தர் கூட்டம் இல்லை. எடுத்ததும் வெறும் கட்டுமானப் பொருளாகத்தான். இத்தனைக்கும், 1856இலேயே அந்த வளாகத்தில் ஒரு மரத்தடியில் புத்தர் படிமங்கள் கிடைத்திருந்தன. அது யாருடைய இடம் என்று தெரியாமல் இடித்தார்கள் என்று சொல்ல முடியாது. எந்தக் கல்லூரிக்காக இடித்தார்களோ அந்தத் தூய வளனார் கல்லூரியும் 1883இல் திருச்சிக்குப் போய்விட்டது. பதினாறே ஆண்டுகள்!

புயலடிக்கும் இந்தக் கரையில் பழைய கோயில்களும் சர்ச்சுகளும் இனியும் சேதமாகும். உத்தரமும் தூணும் மறுபடி பயன்படட்டும். ஆனால் கழற்றும் முன் அளந்து, படம் எடுத்து, எது எங்கிருந்து வந்தது என்று எழுதி வைக்க வேண்டும். புதுவெளிக் கோபுரத்தின் உருவம் இன்று நமக்குத் தெரிவது அந்தச் செங்கற்களால் அல்ல. மதராஸ் அரசு அதிகாரி வால்டர் எல்லியட் 1846இல் நேரில் பார்த்து, 1878இல் படத்தோடு வெளியிட்ட கட்டுரையால்தான்.